இரண்டு வெற்றுத் துளைகள்

போன மாதம் என் மகன் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு, "நான் இல்லம்மா" என்றான். கட்டிலுக்கு அடியில் கண்ணாடித் துண்டு மினுங்குகிறது. பாதரசம் பாயின் ஓரத்தில் உருண்டு கிடக்கிறது. வீட்டில் அவனையும் என்னையும் தவிர யாரும் இல்லை. அப்படியும் என் முகத்தை நேராகப் பார்த்து, நான் இல்லை என்கிறான். என் கை தானாக எழுந்தது. ஓர் அறையோடு அது நிற்கவுமில்லை. அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் ஓடி வந்து என்னைப் பிடித்து இழுத்தார்.

ஒரு தெர்மாமீட்டருக்கா இப்படி என்று கேட்டார். தெர்மாமீட்டருக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். எதற்காக என்று அவரிடம் சொல்ல, கல்யாணமாகிப் பதினாறு வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய நமக்கெல்லாம் அடி ஒரு செய்தியே இல்லை. யார் யாரிடம் எதற்கெல்லாம் வாங்கினோம் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிற வயது நமக்கு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வராத ஒரு தீபாவளி சீசன் உண்டு.

சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறையில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், லாரியின் பழைய ஃபேன் பெல்ட் ஒன்று தொங்கும். கறுப்பு ரப்பர். உள்பக்கம் நூல் பிரிந்து மயிர் மயிராக நிற்கும். அது உடம்பில் விழும்போது முதலில் சத்தம்தான் வருமாம், வலி கொஞ்சம் பொறுத்து வருமாம். அண்ணன் சொல்லியிருக்கிறான். அப்பா குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி, ஒரே ஒரு லாரி, இவற்றைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு கிடையாது. பெல்ட் எல்லாருக்கும் பொது. அண்ணன் வாங்குவான். லாரி டிரைவர் வாங்கியிருக்கிறார். முதல் லோடு கிளம்புகிற நேரத்தில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள் என்று ஒருமுறை அம்மா வாங்கினாள். நான் மட்டும் வாங்கியதில்லை. பெண்பிள்ளை என்று விட்டுவைத்திருந்தார். வாங்காததனாலேயே எனக்குத்தான் பயம் அதிகம். வாங்கியவர்களுக்கு அதன் அளவு தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனின் முதுகு.

எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. அந்த வருடம் வைகாசிக் கடைசியில் பினாங்கிலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, அண்ணனுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடியில் சிவப்பு லாரி ஒன்று, பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் போகிற படம். திறந்தால் லாரி இல்லை. செடியில் பிஞ்சு காய்த்த மாதிரி, பிளாஸ்டிக் கம்பிச் சட்டங்களில் நூற்றுக்கு மேல் சின்னச் சின்னத் துண்டுகள். சக்கரம் பாதி, கதவு பாதி, ஸ்டியரிங் ஒரு மோதிரம் அளவுக்கு. கூடவே பசை ட்யூப் ஒன்று, எண் போட்ட படங்களோடு ஓர் இங்கிலீஷ் தாள். பிளாஸ்டிக் என்றால் சோப்பு டப்பாவும் சீப்பும்தான் நமக்கு அப்போது. அந்தப் பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனை இன்றைக்கும் எந்தப் புதுச் சாமானைப் பிரித்தாலும் வருகிறது. உடனே மூடி வைத்துவிடுவேன்.

அப்பா ஒரு சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு துண்டு தொலைஞ்சாலும் தோல உரிச்சிருவேன்" என்றார். பொம்மைக்காகச் சொன்னதில்லை அது. எந்தச் சாமானைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்.

அண்ணன் அதை அரிசிப் பானை அறையில் வைத்துச் செய்தான். பசையைத் தொட்டு வைக்க, மருந்து முக்காத தீக்குச்சிகள் எங்கள் ஊரில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். என் வேலை, பாதி பிளேடால் துண்டுகளைச் சட்டத்திலிருந்து அறுத்துப் பிஸ்கட் டின்னில் போடுவது. பல்லால் கடிக்கக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே உத்தரவு. இரண்டாம் வாரம் முன்பக்க பம்பரை அவன் அழுத்தி ஒட்டும்போது அது நடுவில் விரிசல் விட்டுவிட்டது. ஒட்டிவிட்டால் தெரியாது. ஆனால் அவன் போய் அப்பாவிடம் சொன்னான். ஏன் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொன்னால் அடி குறையும் என்று நினைத்திருப்பான் போல. குறையவில்லை. அன்றைக்குப் பெல்ட்டின் நுனி சுழன்று அவன் காதோரம் கிழித்தது. அம்மா மஞ்சளை அப்பிக்கொண்டே, "நீ ஏம்ப்பா வாயத் தொறந்த" என்று அவனைத்தான் திட்டினாள்.

நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அன்று நான் கற்றுக்கொண்டதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

நாலைந்து நாள் கழித்து, அண்ணன் பள்ளிக்கூடம் போயிருந்தான். எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் டின்னை எடுத்தேன். பிளேடு அவனுடைய ஜியோமெட்ரி பாக்ஸில் போய்விட்டது. கடைசிச் சட்டத்தில் ஒரு துண்டு, நெல்மணி அளவு, கதவுக் கொண்டியைப் போல வளைந்து, இரண்டு பக்கமும் ஊசிமுனை மாதிரி காது வைத்து இருந்தது. கடித்தேன். பல்லுக்கடியில் சின்னதாக ஒரு நறுக். பாதி கையில் வந்தது. மீதியை விழுங்கிவிட்டேன்.

தாளைப் பார்த்தேன். கீழ் மூலையில் அந்தத் துண்டின் படம் இருந்தது. லாரியின் பின்னால் இரண்டாகப் பிளந்த ஒரு கவை, டிரெய்லரின் மூக்கில் ஒரு வளையம், இரண்டையும் கோத்து மேலிருந்து இறங்கும் ஒரு பின். அந்தப் பின் மேலே எழும்பிவிடாதபடி அதன் தலையில் சாய்ந்து பூட்டுகிற கொண்டிதான் அது. நான் அதையெல்லாம் அன்று யோசிக்கவில்லை. அந்த மூலையைக் கிழித்தேன். கையிலிருந்த பாதித் துண்டை அதில் வைத்துச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டேன். பச்சையாக ஒரு சுடர் எழும்பி அடங்கியது.

சாயங்காலம் அண்ணன் தாள் ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டான். எலி என்றேன். அரிசி அறையில் எலி உண்டு. நம்பிவிட்டான். பின்னை இறக்கியதும் டிரெய்லர் லாரியோடு ஜோராக ஓடியது. தரையில் இழுத்தால் எங்கும் கழன்றுகொள்ளவில்லை. தரை சமதளம் அல்லவா.

அப்பா அதைப் பார்த்தது ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் வந்து குவிகிற நேரம். ஒரு லாரி போதவில்லை, இன்னொன்றுக்கு வழியில்லை. அண்ணன் செய்துமுடித்த பொம்மையைக் கம்பெனி மேஜையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பெட்டி மூடியிலிருந்த இங்கிலீஷை அண்ணனை வாசிக்கச் சொன்னார். ஒவ்வோர் உறுப்பும் அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு என்று போட்டிருந்தது.

"அப்பன்னா இருபத்துநால வச்சுப் பெருக்குனா அசல் வண்டி வந்துரும்" என்றார் அப்பா.

இதை இன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் ஊர் அப்படித்தான் எழும்பியது. வெளிநாட்டு மிஷின் ஒன்று ஊருக்குள் வந்தால், ஆறு மாதத்தில் அதே மாதிரி நாலு மிஷின் எங்கள் பட்டறைகளில் முளைக்கும். படத்தைப் பார்த்தே செய்தவர்கள் உண்டு. அப்பாவும் ஒரு பேப்பர் வெட்டும் மிஷினை அப்படிச் செய்யப் பார்த்தார். பட்டறை ஆசாரி, ஓர் இடத்தில் இரும்பு மெலிசாக இருக்கிறதே என்று தன் யோசனைக்குத் தடிமன் ஏற்றிவிட்டார். மிஷின் ஓடவே இல்லை. அதிலிருந்து அப்பாவுக்கு ஒரே விதி: இருக்கிறதைச் செய், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

டிரெய்லரையும் அதே ஆசாரிதான் செய்தார். நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கம்பெனி முற்றத்தில் வேப்பமரத்தடியில் உலை வைத்து, பொம்மையைப் பலகையில் நிறுத்தி, நூலால் அளந்து, அண்ணனைப் பெருக்கச் சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதிக்கொள்வார். லாரிக் கிளீனர் ஒருவர் இருந்தார், திருத்தங்கல்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டால் விறைப்பாக நின்று சலாம் வைத்து, "சின்ன முதலாளி, லோடு ஏத்தலாமா?" என்பார். நான் ஏத்துங்க என்றால்தான் கையைக் கீழே இறக்குவார். டிரெய்லரைப் பார்த்து, "நம்ம லாரிக்கு வாலு முளைக்குது, இனி மாடு மாதிரி ஈ ஓட்டும்" என்றார். அப்பாவே அதற்குச் சிரித்தார்.

ஒரு நாள் காலை ஆசாரி பொம்மையைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி, இந்தக் கவையில ரெண்டு தொளை சும்மா கிடக்கு, பாத்தீகளா?"

"கிடந்தா என்ன?"

"வெள்ளக்காரன் சும்மா தொளை போட மாட்டான். பின்னுக்கு மேல என்னமோ வந்திருக்கணும். தாள்லயும் அந்த மூலையக் காணோம். நான் வேணா ஒரு கொண்டி அடிச்சுப் போட்டுருதேன். இல்ல, ஒரு சங்கிலியாச்சும் கோத்துக் கட்டிருவோம்."

"போன தடவ மிஷின்ல அடிச்சுப் போட்டது பத்தாதா ஒமக்கு?"

ஆசாரி பொம்மையைத் திரும்பப் பலகையில் வைத்தார். அப்பா அண்ணனைத் தேடினார். அண்ணன் குளிக்கப் போயிருந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, இங்கன வா. நீதான தொணைக்கு இருந்த. பெட்டியில வந்ததெல்லாம் இதுல இருக்கா? ஒண்ணும் விட்டுப் போகலையே?"

பாருங்கள், அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவர் என்னிடம் அவ்வளவு தணிவாக எதையும் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம். என் கண் அவர் கையைப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை, ஒரு பென்சில்தான். ஆனாலும் எனக்கு அண்ணனின் காதுதான் தெரிந்தது.

"இல்லப்பா. எல்லாம் இருக்கு" என்றேன்.

"கேட்டுக்கிட்டீரா?" என்றார் ஆசாரியிடம்.

ஆசாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகப்படுகிற பார்வை இல்லை. பிறகு குனிந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெரிய இரும்புக் கவையிலும் சரியான இடத்தில், சரியான அளவில், இரண்டு துளைகள் போட்டார். எதற்கென்று யாருக்கும் தெரியாத இரண்டு துளைகள். அதை அவர் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். இரும்புச் சுருள் கத்தரித்த முடியைப் போல உதிர்ந்தது. அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, சூடு, பார்த்துப் பிடி என்றார்.

வெறும் டிரெய்லரை ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. முதல் லோடு புரட்டாசியில் கிளம்பியது. காலாண்டு லீவு. அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி லாரியில் டிரைவர் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டான். லாரியிலும் டிரெய்லரிலும் பட்டாசுப் பெட்டிகள், மேலே தார்ப்பாய். கிளீனர் டிரெய்லர் மேல் கயிற்றைப் பிடித்தபடி, இறக்கத்தில் சக்கரத்துக்குக் கொடுக்கும் அடைக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விருதுநகர் போய் ரயிலில் ஏற்ற வேண்டும். அம்மா அன்று தலையை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள். கிளீனர் மேலிருந்து எனக்குச் சலாம் வைத்தார். நான் ஏத்துங்க என்று சொல்லவில்லை. அப்போதுகூட ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வாசல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி இருக்கும், சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் கத்துவதில்லை. கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தி, எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். யார் கம்பெனி பக்கம், நம் ஆள் யாரும் அங்கே இருக்கிறார்களா. மொட்டைமாடிகளில் பெண்கள் ஏறினார்கள். புகை கம்பெனிகள் இருக்கிற பக்கத்தில் இல்லை, விருதுநகர் ரோட்டின் மேல் நின்றது. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை அண்ணன் ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, எனக்குச் சொன்னான். ஓடைப் பாலத்து ஏற்றத்தில் லாரி ஒரு குழியில் இறங்கி ஏறியதாம். பின்னால் டணார் என்று ஒரு சத்தம். அந்த இரும்புப் பின் துள்ளி வெளியே வந்துவிட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், டிரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தி, கருங்கல்லில் பொறி பறக்கப் பின்னோக்கி இறங்குகிறது. இறக்கத்தின் கீழே, பாலத்துச் சுவர் நிழலில், விறகுக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிளீனர் குதித்து ஓடியிருக்கலாம். குதிக்கத்தான் குதித்தார். குதித்துப் பின்சக்கரத்துக்குப் போய் அடைக்கட்டையைக் கொடுத்தார். வண்டி நின்றது. நின்ற பிறகுதான் வெடித்தது.

அந்தப் பெண்கள் பிழைத்தார்கள். டிரைவர் லாரியை முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டதால் லாரி பிழைத்தது. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்த அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போனது. அது பெல்ட் கிழித்த அதே காது. கிளீனரைப் பனையோலைக் கடகங்களில் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். ஓர் ஓடைக்கல் ரத்தத்தில் நனைந்திருந்ததால் அதையும் சேர்த்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள் என்று வேலைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. திருத்தங்கலிலிருந்து அவருடைய அம்மா வந்து எங்கள் வாசலில் நின்றாள். என் அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி, எங்கள் வாசற்படியில் நிதானமாக ஊற்றிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், கருகிய கவையைக் கம்பெனி முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அப்பா ஆசாரிக்கு ஆள் அனுப்பினார். பெல்ட்டை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஆசாரி வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கட்டிவைக்கவில்லை. அடி தாங்க அவரே பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைவிட மூத்தவர். வேட்டி அவிழ்ந்து காலடியில் கிடந்தது. கூலியாட்கள் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார், அந்தப் பின் எப்படிலே கழண்டுச்சு என்று. ஆசாரி ஒவ்வொரு முறையும், நீங்க சொன்னபடிதான் முதலாளி என்றார். அந்தப் பதில்தான் அப்பாவை இன்னும் வெறியாக்கியது. வாயிலிருந்து கிராம்பு ரத்தத்தோடு விழுந்ததைப் பார்த்தேன். ஆசாரியின் கையிலும் அடி பட்டு, விரல்கள் ஒரு பக்கமாக மடங்கித் தொங்கின.

நான் வட்டத்துக்குள் நுழைந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நான்தான். அங்கன ஒரு துண்டு இருந்துச்சு. நான் கடிச்சு உடச்சிட்டேன். தாளையும் நான்தான் கிழிச்சேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். அப்பாவுக்குக் கேட்டது. ஆசாரிக்கும் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அப்பாவின் கை மேலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த கவையைப் பார்த்தார், அதன் இரண்டு துளைகளைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. ஆசாரி மரத்தில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். அப்பாடா என்று ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. அதை நான் சாகிறவரை மறக்கப்போவதில்லை. அடி முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார்.

"உள்ள போ" என்றார் அப்பா. சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நான் ஆபீஸ் அறையின் படியில் கால் வைத்தபோது பின்னால் பெல்ட்டின் சத்தம் மறுபடியும் கேட்டது. இந்த முறை கேள்வி ஏதும் இல்லை. அடி மட்டும்தான்.

ஆசாரியின் வேலைப் பிசகு என்று எல்லாம் முடிந்தது. ஒரு வாரத்துக்குள் அவர் உலையைப் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அந்தக் கையால் மறுபடி சுத்தியல் பிடித்தாரா என்று தெரியாது. போகிறபோது அவர் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? பொம்மை லாரியை அண்ணன் தானே வெந்நீர் அடுப்பில் வைத்தான். கறுப்புக் கறுப்பாகத் திரித் திரியாகப் புகை வந்து, அம்மா காயப்போட்டிருந்த துணியெல்லாம் பொட்டு விழுந்தது. அதற்காக அப்பா யாரையும் அடிக்கவில்லை. பெல்ட் திரும்ப ஆணிக்கு வந்தது. என்மேல் அது கடைசிவரை படவே இல்லை. அப்பா சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. என் கல்யாணத்தன்று என் தலையில் கை வைத்தபோது, அந்தக் கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. எல்லா அப்பாக்களுக்கும் ஆகும்தான்.

அவர் போன பிறகு கம்பெனியை விற்றோம். பழைய இரும்பை எடைக்குப் போடும் நாளில் அந்தக் கவை குவியலுக்கு அடியிலிருந்து வந்தது. அண்ணன் அதைத் தூக்கி, ஒரு துளையில் விரலை நுழைத்துப் பார்த்தான். அவன் தலையெல்லாம் நரைத்துவிட்டது. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"இது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே" என்றேன்.

பத்து வயதில் சொன்ன பொய்யை நாற்பது வயதிலும் சொன்னேன். இந்தத் தடவை யார் கையிலும் பெல்ட் இல்லை.

தெர்மாமீட்டர் விஷயத்தை முடிக்கவில்லையே. இரண்டு நாள் கழித்து என் மகன் நோட்டுத்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை என் முன்னால் வைத்தான். கண்ணாடித் துண்டுகள். கன்னத்தில் என் விரல் தடம் இன்னும் மங்கலாக இருந்தது. "நான்தாம்மா" என்றான். சொல்லிவிட்டு ஓடவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடி வரும் என்று நின்றுகொண்டே இருந்தான். அவனைத் தொட எனக்குக் கை வரவில்லை. அன்று இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணா, இந்தப் பத்திரிகையை நீ விடாமல் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு துளைகளில் ஒரு கொண்டி இருந்திருக்க வேண்டும். நெல்மணி அளவுதான். தாளின் மூலையை எலி கடிக்கவில்லை.